பிக்கப் வண்டியிலிருந்து கேம்பிங்குக்குக் கரண்ட்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

"அண்ணே, எத்தனை வாட் இன்வெர்ட்டர் வாங்கலாம்?" டென்ட் போட்டுத் தங்கும் ஆசையில் எங்கள் தண்டையார்பேட்டைப் பக்கத்திலிருந்து கிளம்பும் பசங்க எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். இன்வெர்ட்டரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஒரு ராத்திரிக்கு உங்களுக்கு எத்தனை யூனிட் தேவை என்று தெரிந்துவிட்டால் மற்ற கேள்விகளுக்குப் பாதிப் பதில் தானாகக் கிடைத்துவிடும். அது தெரியாமல் வாங்கினால் ஒன்று பத்தாமல் போகும், இல்லையென்றால் தேவைக்கு மேல் கனமாகி வண்டியின் பின்பக்கத்தில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும்.

இ.பி. பில்லில் வரும் அதே யூனிட்தான். 1000 வாட் எடுக்கும் பொருள் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட், 10 வாட் எல்இடி விளக்கு 100 மணி நேரம் எரிந்தாலும் ஒரு யூனிட். வீட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாக வாங்கிப் பழகிய நமக்கு ஒரு யூனிட் என்பது ஒன்றுமே இல்லை என்றுதான் தோன்றும். காட்டுக்குள் போனதும் அது பெரிய சொத்து.

ஒரு தாளில் எழுதுங்கள். நாலு பேர், ஒரு நாள், ஒரு ராத்திரி. எட்டு வாட் விளக்கு இரண்டு, ஐந்து மணி நேரம்: 80 வாட் ஹவர் (1000 வாட் ஹவர் சேர்ந்தால் ஒரு யூனிட்). 15 வாட் எடுக்கும் 12 வோல்ட் ஃபேன் இரண்டு, ஒன்பது மணி நேரம்: 270. நாலு போன், ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு சார்ஜுக்கு 20 வீதம் 80. ஸ்பீக்கர், கேமரா எல்லாம் சேர்த்து ஒரு 50. ஆக 480, அதாவது அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. இதோடு 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் ஒன்றும் வைத்தால் ஓடும்போது 50 வாட் வரை எடுக்கும், நம் ஊர் வெயிலில் நாளில் பாதி நேரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும் என்பதால் அது ஒன்றே 500, 600 வாட் ஹவர் தின்றுவிடும். பட்டியலில் மற்ற எல்லாவற்றையும் கூட்டினாலும் அந்த ஒரு பெட்டிக்குக் கீழேதான் வரும், பாருங்கள்.

அதனால்தான் புதிதாகத் தொடங்குபவர்களிடம் முதல் வருஷம் ஃபிரிட்ஜ் வேண்டாம் என்று சொல்கிறேன். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு ஐஸுக்கு அலைய வேண்டியதில்லை. ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 334 கிலோஜூல் சூட்டை உறிஞ்சும். 10 கிலோ என்றால் கிட்டத்தட்ட ஒரு யூனிட்டுக்குச் சமமான சூடு. தடிமனான மூடி போட்ட ஐஸ் பெட்டியில் வைத்து, அடிக்கடி திறக்காமல், நிழலில் வைத்துக்கொண்டால் சனி, ஞாயிறு இரண்டு நாளும் மீனும் பாலும் கெடாது. தண்ணீர் வழிந்து மீன் ஊறாமல் இருக்க அடியில் ஒரு கம்பித் தட்டு போட்டுவிடுங்கள். ஒன்று மட்டும், மீனுக்காக விற்கும் ஐஸை ஜூஸில் போட்டுக் குடிக்கக் கூடாது, குடிக்கும் ஐஸ் தனியாக வாங்க வேண்டும்.

அடுப்பு விஷயத்திலும் இதே கணக்குதான். 30 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க 80 வாட் ஹவர் வேண்டும், வீணாவதையும் சேர்த்தால் 100. நாலு பேருக்கு மூன்று வேளை டீ என்றால் 300, அதாவது இரண்டு ஃபேனும் ராத்திரி முழுக்க ஓடுவதைவிட அதிகம். கெட்டில் நாலு நிமிஷத்தில் வேலையை முடித்துவிடுவதால் குறைவாகச் செலவாகிறது என்று நினைத்துவிடுகிறோம். 1500 வாட் கெட்டிலுக்கும் 1800 வாட் இண்டக்ஷனுக்கும் ஏற்ற இன்வெர்ட்டர், ஒயர், பேட்டரி எல்லாமே பல மடங்கு பெரிதாக வேண்டும், செலவும் அப்படியே ஏறும். சூடு பண்ணும் வேலை எதுவானாலும் கேஸ் அடுப்புக்குத் தள்ளிவிடுங்கள். ஐந்து கிலோ சின்ன சிலிண்டர் போதும்.

சரி, இப்போது வண்டிக்கு வருவோம்.

யூடியூபில் நீங்கள் பார்க்கும் ஹைபிரிட் பிக்கப், அதாவது இன்ஜினும் பேட்டரியில் ஓடும் மோட்டாரும் சேர்ந்த வண்டி, எல்லாம் வெளிநாட்டு வண்டிகள். அமெரிக்காவில் ஃபோர்டு எஃப்-150 ஹைபிரிட் 2021 மாடலிலிருந்து வருகிறது, பின்பக்கத்திலேயே பிளக் பாயிண்ட், சாதாரணமாக 2.4 கிலோவாட், கூடுதல் காசு கொடுத்தால் 7.2 கிலோவாட். அதே கம்பெனியின் சின்ன வண்டி மேவரிக் ஹைபிரிடில் 400 வாட்தான். ஆஸ்திரேலியாவிலும் மெக்சிகோவிலும் விற்கும் பிஒய்டி ஷார்க்கில் சுமார் 30 யூனிட் பேட்டரியே இருக்கிறது. நம் ஊரில் ஓடும் இசுசு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் இரண்டும் சாதா டீசல் பிக்கப். ஹைபிரிட் என்றால் இங்கே கார்களில்தான், இன்னோவா ஹைகிராஸ், கிராண்ட் விட்டாரா மாதிரி. பிளக் பாயிண்டோடு வருவது என்றால் எலக்ட்ரிக் கார்கள்: டாடா நெக்ஸான் ஈவியில் 2023 மாடலிலிருந்து 3.3 கேவிஏ வரை வெளியே எடுக்கலாம், ஹூண்டாய் அயோனிக் 5-இல் 3.6 கிலோவாட். எந்த வண்டியாக இருந்தாலும் அடிப்படை ஒன்றுதான், பின்னால் சொல்லும் எல்லாமே பொருந்தும், வித்தியாசம் வரும் இடத்தை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

ஹைபிரிடில் புதியவர்கள் தவறாகப் புரிந்துகொள்வது பேட்டரியைத்தான். எஃப்-150 ஹைபிரிடின் பெரிய பேட்டரி ஒன்றரை யூனிட், அவ்வளவே. அது ஒரு தேக்கத் தொட்டி மாதிரி, மேல்நிலைத் தொட்டி நிரம்பியிருக்கும் வரை மோட்டார் சும்மா இருக்கும், இறங்கியதும் மோட்டார் போட்டு நிரப்புகிறோம் இல்லையா, அதே வேலையை இன்ஜின் தானாகவே செய்கிறது. கரண்ட் வருவது கடைசியில் பெட்ரோலிலிருந்துதான். ஆனால் சாதா டீசல் வண்டியை ஒரு விளக்குக்காக ராத்திரி முழுக்க ஐடிலில் விட்டால் மணிக்கு முக்கால் லிட்டர், ஒரு லிட்டர் என்று வீணாகும். ஹைபிரிடில் இன்ஜின் கொஞ்ச நேரம் ஓடி நிரப்பிவிட்டு அணைந்துவிடும். அதுதான் அதன் அருமை.

அதோடு ஹைபிரிடில் இரண்டாவது பேட்டரி ஒன்று உண்டு, சின்ன 12 வோல்ட் பேட்டரி. வண்டியின் கம்ப்யூட்டரை எழுப்புவதும் ரிலேக்களைப் போடுவதும் அதன் வேலை. நிறைய ஹைபிரிடுகளில் இன்ஜினைச் சுற்றும் வேலை அதற்கு இல்லை என்பதால் சாதா வண்டி பேட்டரியைவிடச் சிறியதாகவே வைத்திருப்பார்கள். வண்டியை அணைத்துவிட்டு அந்த 12 வோல்ட் பாயிண்டில் ஃபேன் போட்டுத் தூங்கினால், விடியும்போது பெரிய பேட்டரியில் சார்ஜ் இருந்தாலும் வண்டி எழுந்திருக்காது. ஒன்று 'ரெடி' நிலையில், அதாவது வண்டியை ஆன் பண்ணி, தேவைப்படும்போது இன்ஜின் தானாக எழும்படி வைத்துக்கொண்டு எடுங்கள், இல்லையென்றால் வண்டியைத் தொடாமல் தனி பேட்டரியில் எடுங்கள். நடுவில் வேறு வழி இல்லை.

டீசல் பிக்கப்பிலும் ஆசைப்பட வேண்டாம். 70 ஆம்பியர் ஹவர் பேட்டரி என்றால் 12-ஆல் பெருக்கி 840 வாட் ஹவர் என்று கணக்கு வரும், ஆனால் ஸ்டார்ட்டிங் பேட்டரியை ஆழமாக இறக்கினால் அது சீக்கிரம் செத்துப்போகும், பாதிக்கு மேல் தொடவே கூடாது. மல்டிமீட்டர் ஒன்று கையில் இருக்கட்டும்: எதுவும் ஓடாமல் இருக்கும்போது 12.6 வோல்ட் இருந்தால் முழுசு, 12.2 என்றால் பாதி, அதற்கு வந்துவிட்டால் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள்.

என் முடிவு இதுதான், இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: வண்டி ஓடும்போது நிரப்புங்கள், நிற்கும்போது தனி பேட்டரியிலிருந்து செலவு பண்ணுங்கள். பவர் ஸ்டேஷன் என்று விற்கிறார்களே, லித்தியம் அயன் பாஸ்பேட் செல் போட்டது, ஒரு யூனிட் அளவு, 10, 12 கிலோ இருக்கும், அது ஒன்று இருந்தால் மேலே போட்ட கணக்கில் ஃபிரிட்ஜ் இல்லாமல் கிட்டத்தட்ட இரண்டு ராத்திரி ஓட்டலாம். ஹைபிரிட் வைத்திருப்பவர்களுக்கும் இதையே சொல்வேன். தூங்கும் நேரத்தில் இன்ஜின் தானாக எழுந்து ஓடும் வண்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எனக்கு நிம்மதியாகக் கண் மூடாது, காரணம் கீழே வருகிறது.

நிரப்புவதற்கு முதல் வழி வீடு. கிளம்பும் முந்தைய நாள் ராத்திரி சார்ஜில் போட்டு நூறு சதவீதம் ஏற்றிவிடுங்கள். இரண்டாவது, வண்டியின் சிகரெட் லைட்டர் பாயிண்ட். அதன் ஃபியூஸ் பெரும்பாலும் 10 அல்லது 15 ஆம்பியர், எனவே மணிக்கு 100, 120 வாட் ஹவர்தான் ஏறும். எங்கள் பக்கத்திலிருந்து மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் போனால் ஒன்றரை மணி நேரத்தில் பழவேற்காடு வந்துவிடும், அதில் என்ன ஏறப்போகிறது, 150, 180. ஜவ்வாது மலைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓட்டும்போது அரை யூனிட்டுக்கு மேல் ஏறிவிடும், பாதி காலியாகக் கிளம்பிய பெட்டிகூடப் போய்ச் சேரும் நேரத்தில் நிரம்பியிருக்கும்.

அடிக்கடி போகிறவர்கள், இரண்டு நாளுக்கு மேல் தங்குகிறவர்கள், டிசி டு டிசி சார்ஜர், அதாவது வண்டி ஓடும்போது அதன் பேட்டரியிலிருந்து தனி பேட்டரியை நேராக ஏற்றும் கருவி, ஒன்று மாட்டலாம். 30 ஆம்பியர் சார்ஜர் மணிக்குச் சுமார் 350 வாட் ஹவர் ஏற்றும். ஒயரிங்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், கெட்டுப்போவது பெரும்பாலும் அங்கேதான். முன்பக்க பேட்டரியிலிருந்து பின்பக்கம் வரை ஐந்து மீட்டர் ஒயர் என்றால் போக வர பத்து மீட்டர். 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர் தடிமன்) ஒயரில் 15 ஆம்பியர் போனாலே ஒரு வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே விழுந்துவிடும், 12 வோல்ட்டில் ஒரு வோல்ட் போனால் அது பெரிய நஷ்டம். 6 ஸ்கொயர் போட்டால் அதே 15 ஆம்பியருக்கு அரை வோல்ட்டுக்குள் நிற்கும். 30 ஆம்பியர் எடுப்பதென்றால் 10 ஸ்கொயருக்குக் குறையக் கூடாது. பேட்டரியிலிருந்து ஒரு ஜாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும், ஒயர் முனையை முறுக்கிச் சுற்றி டேப் ஒட்டாமல் லக் (ஒயர் முனையில் மாட்டும் உலோக மூக்கு) போட்டு கிரிம்ப் பண்ண, அதாவது அழுத்தி இறுக்க வேண்டும், வண்டி பாடியின் ஓட்டையில் ஒயர் நுழையும் இடத்தில் ரப்பர் வளையம் வேண்டும், இல்லையென்றால் தகரம் ஒயரை அறுத்துவிடும். வண்ணாரப்பேட்டையில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் பேட்டரி வேலை செய்கிறார், மீட்டரை எடுப்பதற்கு முன் கையை வைத்துப் பார்ப்பார். "ஒயரத் தொட்டுப் பாரு கண்ணு, சுட்டுச்சுன்னா அது பத்தாதுன்னு அர்த்தம்" என்பார். பத்து நிமிஷம் முழு லோடில் ஓடவிட்டு லக், ஃபியூஸ், பிளக் என்று ஒவ்வொரு இணைப்பையும் அப்படித் தொட்டுப் பாருங்கள்.

ஹைபிரிடிலும் எலக்ட்ரிக்கிலும் ஆரஞ்சு நிற ஒயர் எங்கே தெரிந்தாலும் கை வைக்கக் கூடாது. அது நூற்றுக்கணக்கான வோல்ட் போகும் ஒயர். அந்த வண்டிகளில் எதையும் வெட்டி ஒட்டாமல் கம்பெனி கொடுத்த பாயிண்டிலிருந்து மட்டும் எடுங்கள், வாரண்டியும் தப்பிக்கும்.

இன்வெர்ட்டர்? முடிந்தவரை தவிர்க்கப் பாருங்கள். 12 வோல்ட்டை 230 ஆக்கி, அதை மறுபடி அடாப்டர் போட்டு 5 வோல்ட்டாக இறக்கி போனை சார்ஜ் பண்ணுவதில் இரண்டு தடவை வீணாகிறது. ஃபேன், விளக்கு, போன் மூன்றையும் 12 வோல்ட்டிலும் யுஎஸ்பியிலும் நேராக ஓட்டுங்கள். லேப்டாப், கேமரா சார்ஜருக்காக வேண்டும் என்றால் வீட்டுக் கரண்ட் மாதிரியே சீரான அலை தரும் 300 வாட் பியூர் சைன் வேவ் இன்வெர்ட்டர் போதும். மலிவாகக் கிடைக்கும் மாடிஃபைடு சைன் வேவில் மோட்டார் உறுமும், சூடாகும், சில சார்ஜர்கள் வேலையே செய்யாது. இன்வெர்ட்டரில் ஒன்றும் மாட்டாவிட்டாலும் அது கொஞ்சம் கரண்ட் எடுத்துக்கொண்டே இருக்கும், வேலை முடிந்ததும் சுவிட்சை அணையுங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் மச்சானோ அக்காவோ அங்கே கேம்பிங் போகிறார்கள் என்றால் ஒரு வரி: அந்த ஊர் வண்டி பாயிண்டில் வருவது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், இங்கிருந்து கொண்டுபோன மிக்ஸியை அதில் மாட்ட வேண்டாம்.

இப்போது நான் மிகவும் கவலைப்படும் விஷயம். இன்ஜின் ஓடினால் கார்பன் மோனாக்சைடு வரும். மணம் இல்லை, நிறம் இல்லை, தூக்கத்தில் இருப்பவருக்குத் தெரியவே தெரியாது. ஹைபிரிடில் ஆபத்து இன்னும் கூடுதல், சத்தமில்லாமல் நிற்கிறது என்று நம்பி அதன் பின்பக்கத்திலேயே தார்பாய் கட்டிப் படுத்துவிடுகிறோம், நடு ராத்திரியில் அது தானாக ஸ்டார்ட் ஆகும். 'ரெடி'யில் இருக்கும் வண்டிக்கும் டென்ட்டுக்கும் குறைந்தது 20 அடி இடைவெளி விடுங்கள், சைலன்சர் டென்ட்டைப் பார்க்காமல் இருக்கட்டும். கடற்கரையில் இன்னொன்றும் உண்டு, எண்ணூரில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை: பகலிலும் சாயங்காலத்திலும் காற்று கடலிலிருந்து வரும், ராத்திரி நிலம் குளிர்ந்ததும் கரையிலிருந்து கடலுக்கு அடிக்கத் தொடங்கும். சாயங்காலம் காற்று பார்த்துச் சரியாக நிறுத்திய வண்டி விடியற்காலை மூன்று மணிக்குப் புகையை நேராக உங்கள் டென்ட்டுக்குள் தள்ளலாம். அதனால்தான் படுக்கும் முன் வண்டியை முழுசாக அணைத்து, தனி பேட்டரிக்கு மாறச் சொல்கிறேன். பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று டென்ட்டில் தொங்கட்டும்.

காய்ந்த புல்லின் மேல் நிறுத்தி இன்ஜினை ஓட்டாதீர்கள், அடியில் இருக்கும், புகையைச் சுத்தம் பண்ணும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சூட்டில் புல் பற்றிக்கொள்ளும். ஜவ்வாது மலையில் கோடையில் இது நிஜமான பயம். கீ பாக்கெட்டில் இருக்கும்போது குழந்தைகள் 'ரெடி'யில் இருக்கும் வண்டிக்குள் ஏறி விளையாடவும் விடக்கூடாது, கியர் பார்க்கிங்கில், ஹேண்ட் பிரேக் போட்டபடி இருக்கட்டும்.

இடம் பற்றிச் சுருக்கமாக. பழவேற்காடு ஏரியில் பறவைகள் சரணாலயம் இருக்கிறது, காப்புக்காடும் சரணாலயமும் எங்கே வந்தாலும் வனத்துறை அனுமதி இல்லாமல் தங்க முடியாது. தெரிந்தவர் தோப்பிலோ அனுமதி பெற்ற கேம்ப் தளத்திலோ போடுவதுதான் புதியவர்களுக்கு நல்லது. கடல் மணலில் வண்டியை இறக்காதீர்கள், காலியாக இருக்கும் பிக்கப்பின் பின் சக்கரம் உடனே புதைந்துகொள்ளும். ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது, விளக்கைத் தரையைப் பார்த்து மஞ்சள் வெளிச்சமாக வையுங்கள், கரண்டும் மிச்சம், வானமும் நன்றாகத் தெரியும்.

சோலார் பேனல் கேட்பவர்களுக்கு: 100 வாட் மடக்குப் பேனல் நல்ல வெயிலில் 60, 70 வாட் தரும். ஐந்து மணி நேர வெயிலில் 300, 350 வாட் ஹவர், அதாவது ஃபேன் செலவு வந்துவிடும். பேனல் வெயிலில், பேட்டரிப் பெட்டி நிழலில். இரண்டையும் சேர்த்து வெயிலில் வைத்தாலோ, பெட்டியை மூடிய வண்டிக்குள் விட்டாலோ உள்ளே சூடு 50 டிகிரியைத் தாண்டிவிடும், லித்தியம் பேட்டரிகளை 45-க்கு மேல் சார்ஜ் பண்ணக் கூடாது. பெரும்பாலான பெட்டிகள் தாமாகவே நின்றுவிடும், நின்றால் பழுது என்று பயப்படாமல் நிழலுக்கு மாற்றிக் கொஞ்ச நேரம் ஆற விடுங்கள்.

இதே சாமான்கள் மழைக்காலத்தில் வீட்டுக்கும் உதவும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வட சென்னையில் பல தெருக்கள் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் தண்ணீரில் நின்றன, போன் சார்ஜ் பண்ணக்கூட வழியில்லாமல் வயசானவர்களை வைத்துக்கொண்டு தவித்த வீடுகள் எத்தனையோ. ஒரு யூனிட் பெட்டி நாலு வீட்டுப் போனுக்கும் ஒரு விளக்குக்கும் தாராளமாகப் போதும். வண்டியிலிருந்து எடுத்தால் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு நேராக அந்தந்தப் பொருளுக்கு மட்டும் கொடுங்கள். இரண்டு பக்கமும் பின் வைத்த ஒயர் செய்து சுவர் பிளக்கில் சொருகி வீட்டுக்கே கரண்ட் ஏற்றுவதை யார் சொன்னாலும் செய்யாதீர்கள், அந்தக் கரண்ட் லைனுக்குத் திரும்பிப் போய், கம்பத்தில் ஏறியிருக்கும் இ.பி. ஊழியரின் உயிரை எடுக்கும். அபார்ட்மெண்ட் கீழ்த்தளப் பார்க்கிங்கில் இன்ஜின் ஓட்டிக் கரண்ட் எடுப்பதும் கூடாது, புகை மாடிப்படி வழியாக மேலே ஏறும்.

முதல் பயணத்துக்கு முன் ஒரு ராத்திரி மொட்டை மாடியில் ஒத்திகை பாருங்கள். பெட்டியை நூறு சதவீதத்தில் வைத்து, கேம்பில் ஓட்டப்போகும் எல்லாவற்றையும் அதில் மாட்டித் தூங்குங்கள், காலையில் எத்தனை சதவீதம் மிச்சம் என்று பார்த்துத் தாளில் போட்ட கணக்கோடு ஒப்பிடுங்கள். கணக்கைவிட அதிகமாக இறங்கியிருந்தால் பெரும்பாலும் இன்வெர்ட்டர் அணைக்காமல் கிடந்திருக்கும். கால்வாசிக்கு மேல் மிச்சம் இருந்தால் கிளம்பலாம்.

திரும்பி வந்ததும் ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். கடல்காற்று பட்ட டெர்மினலில் சில நாளிலேயே பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துவிடும், அது படிந்த இணைப்பு சூடாகும், சார்ஜ் ஏறாது. லக்கையும் பிளக்கையும் ஈரத்துணியால் துடைத்து, காய வைத்து, மேலே லேசாக வாசலின் தடவி வையுங்கள். ஒயரைச் சுருட்டும்போது எங்கேயாவது தோல் உரிந்திருக்கிறதா என்று விரலால் தடவிக்கொண்டே வாருங்கள். பெட்டியை அடுத்த பயணம் வரை பாதி, அறுபது சதவீதத்தில் விட்டு, கட்டிலுக்குக் கீழே மாதிரி சூடு படாத இடத்தில் வைத்து, இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை பார்த்து ஏற்றிக்கொள்ளுங்கள். ஐப்பசி பிறந்துவிட்டால் மட்டும் முழுசாகவே வைத்திருங்கள், மழை எப்போது வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளும்.